பை காவலுக்கு இனி நான் இல்லை: திருவனந்தபுரத்தில் நான்கு மணி நேரத் தீம் பார்க்

இதற்கு முன் நான்கு தீம் பார்க்குகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நான்கிலும் எனக்கு ஒரே இடம்: ஏதாவது ஒரு மர நிழல், சிமென்ட் பெஞ்ச், மடியில் மூன்று பை, கையில் எல்லோருடைய செல்போனும் மூக்குக்கண்ணாடியும். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். குடும்பத்தோடு எங்கே போய்த் தண்ணீரைக் கண்டாலும், எல்லோரும் செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். "நீ பைய பாத்துக்கோ" என்று முன்பெல்லாம் சொல்லவாவது செய்வார்கள். இப்போது அதுவும் கிடையாது, தானாக நடக்கிறது.

போன மே மாதம் பள்ளி விடுமுறையில் ஒன்பது நாள் பயணம் போட்டோம். பாளையங்கோட்டையில் கிளம்பி நாகர்கோவில், திருவனந்தபுரம், ஆலப்புழை, கொச்சி, பிறகு வீடு. திட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர் சங்கரன். ஆபீஸில் கட்டட வரைபடம் போடுகிற மனுஷன், பயணத்தையும் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துத்தான் போடுவார். தாளில் ஏழு கோயில், ஐந்து சொந்தக்காரர் வீடு, ஒரு படகு இருந்தன. எங்கள் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, "இதுல லீவு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். நான்காம் நாள் திருவனந்தபுரத்தில் காலையில் கோயில், மாலை 6.15க்கு ஆலப்புழை ரயில். நடுவில் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தார். நான் பேனாவை வாங்கி ஓய்வை அடித்துவிட்டு, ‘தீம் பார்க்’ என்று எழுதினேன்.

நிலாவுக்காகத்தான் எழுதினேன் என்று இவர் நம்பினார். அதில் பாதிதான் உண்மை. அதற்கு முந்தின வாரமே திருநெல்வேலி டவுனில் 780 ரூபாய்க்கு ஒரு நைலான் நீச்சல் உடுப்பு வாங்கியிருந்தேன். முழங்கைவரை கை, கணுக்கால்வரை கால், கறுப்பு நிறம். குளியலறைக் கதவைத் தாழிட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனம்! விஷயம் தெரிந்தவள் நிலா மட்டும்தான். "இந்தத் தடவ பெரிய சறுக்குல நானும் வாரேன்" என்று அவளிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

இதுபோல் ஒரே நாளில் கோயிலும் பார்க்கும் சேர்த்துப் போக நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை கூடாது. பெண்களுக்குச் சேலை, பாவாடை மாதிரி. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவிலோ வேட்டி, சேலை எதுவும் ஆகாது. பருத்தித் துணியே கூடாது, நைலான்தான் வேண்டும். ஆக, இரண்டு இடத்துக்கும் துணியைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். நானும் பிரித்துத்தான் கட்டினேன். எங்கள் வீட்டில் இருக்கிற பை எல்லாமே ஒரே ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பை. அதனால் பார்க் பையின் காதில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டினேன். அடுத்த நாள் ஆலப்புழைப் பக்கத்துக் கோயிலுக்கான துணி இருந்த பையில் ஒன்றும் கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 7.40க்குத் தம்பானூர் லாட்ஜைக் காலி செய்தோம். எதிரே ரயில்வே ஸ்டேஷன், ரோட்டைத் தாண்டினால் போதும். "நீங்க ரெண்டு பேரும் காபி குடிங்க, லக்கேஜ நான் போட்டுட்டு வாரேன்" என்று இவர் மூட்டை முடிச்சை எல்லாம் கிளோக் ரூமுக்குக் கொண்டுபோனார். பதினைந்து நிமிடத்தில் ரசீதும் தோளில் ஒரு மஞ்சள் பையுமாகத் திரும்பி வந்தார். அப்போதே நான் அந்தப் பையின் காதைப் பார்த்திருக்க வேண்டும். காபி நன்றாக இருந்தது, பார்க்கவில்லை.

அங்கிருந்து கிழக்கேகோட்டைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். லாட்ஜிலேயே கோயில் உடுப்பில் கிளம்பியதால் சிரமம் இல்லை. பை, செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டு 8.30க்கு வரிசையில் நின்றோம், 9.40க்கு வெளியே வந்தோம். தரிசனம் திருப்தி. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெருவில் இவருடைய பெரியப்பா மகன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார், மாடியில் வீடு. ‘பத்து நிமிடம்’ என்று தாளில் எழுதியிருந்தது. அவர் மனைவி, எங்கள் மதினி, அந்தத் தாளைப் பார்த்ததில்லை.

"என்ன கொழுந்தனாரே, வந்ததும் போறேன்னு நிக்கீரு? அவியல் ஆச்சு, பருப்பு ஆச்சு, பாயசம் அடுப்புல கெடக்கு. எல அறுத்து வச்சாச்சு. உண்ணாமப் போனா நான் பின்ன மிண்டவே மாட்டேன், பேச்சே கெடையாது, கேட்டியளா!"

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலாவைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி ஆகும். பிறகு பார்க்காவது ஒன்றாவது! எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, வாயைத் திறந்தேன். "மதினி, இன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம் வந்துருமே. பயணம் போறவுக அதுக்கு முந்தி வண்டி ஏறிரணும்லா?"

மதினி கடிகாரத்தைப் பார்த்தார். மணி 10.12. அடுத்த நிமிடம் அவரே எங்களைத் தள்ளாத குறை. "எந்திரிங்க, எந்திரிங்க! சொல்லாண்டாமா?" என்று பாயசத்தை ஒரு தூக்குவாளியில் ஊற்றி, ஒரு பொட்டலம் ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸும் கையில் திணித்து, 10.24க்கு வாசலில் நிறுத்திவிட்டார். உடை மாற்றக்கூட நேரமில்லை, பார்க்கில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே காரில் ஏறினோம். ராகு காலத்துக்கு நான் அவ்வளவு நன்றி சொன்ன நாள் வேறு கிடையாது.

கார் முந்தின நாளே பேசி வைத்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, 60 கிலோமீட்டருக்குள் 2,300 ரூபாய், பார்க்கிங் 50 ரூபாய் தனி. டிரைவர் செல்வராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். "எங்க தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து மல கேறி வந்ததாக்கும். நானும் உங்க ஊருதான் அக்கா, மூணு தலமொற லேட்டாயிப் போச்சு" என்று சிரித்தார். பார்க் நகரத்துக்கு வடக்கே, எம்.சி. ரோட்டில் 22 கிலோமீட்டர். கேசவதாசபுரத்தைத் தாண்டும்வரை நெரிசல், பிறகு ரப்பர் தோட்டமும் மேடு பள்ளமுமாக நல்ல சாலை. 11.20க்கு வாசலில் இறங்கினோம். பெயரைப் போட்டால் விளம்பரம் என்பீர்கள், தேடினாலே கிடைக்கும். பெரியவர்களுக்கு 850 ரூபாய், குழந்தைக்கு 700. வெளிச் சாப்பாடு கூடாது என்பதால் தூக்குவாளியும் உப்பேரியும் காரிலேயே இருந்தன.

உடை மாற்றும் அறை வாசலில் பையைத் திறந்தேன். மேலே ஒரு வேட்டி. சரி, இவர் எதையோ சேர்த்து வைத்திருக்கிறார் என்று எடுத்தேன். அதற்கு அடியில் இன்னொரு வேட்டி. அதற்கும் அடியில் நிலாவின் பட்டுப்பாவாடை, அதன் கீழ் என் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை. அடிவரை கையை விட்டுத் துழாவினேன். நைலான் என்று ஒரு நூல்கூட இல்லை.

"சிவப்புக் கயிறு கட்டுன பை எங்க?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அது கிளோக் ரூம்ல இருக்கு."

"அதுதான பார்க் பை!"

"ஏளா, செவப்புக் கயிறு கெட்டிருந்தா கோயில் பைன்னுதான யாரும் நெனப்பான்? நாளைக்குத்தான கோயிலுன்னு உள்ள போட்டேன். கயிறு இல்லாததத்தான் தூக்கிட்டு வந்தேன்."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் கோபம். பாளையங்கோட்டையில் எவனைக் கேட்டாலும் சிவப்புக் கயிறு என்றால் கோயில் என்றுதான் சொல்வான். வாடகை உடுப்புக் கவுன்டருக்கு ஓடினோம். நிலாவுக்குக் கிடைத்தது, நூறு ரூபாய். இவருக்கு ஒரு கால்சட்டை கிடைத்தது, அதுவும் நூறு. என் அளவு மட்டும் இல்லை. விடுமுறைக் கூட்டம், பெரிய அளவெல்லாம் காலையிலேயே போய்விட்டது என்று கவுன்டர் பெண் வருத்தப்பட்டுச் சொன்னாள்.

அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. "சவத்த விடுங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் பைய பாத்துக்கிடுதேன்" என்றது. பதினான்கு வருடப் பழக்கம். இவர் தலையை ஆட்டிச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய சறுக்கு நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நாலு மாடி உயரத்தில் இருந்து நீலக் குழாய் ஒன்று வளைந்து வளைந்து இறங்க, உள்ளிருந்து அலறல் கேட்டது. பை மடியில் இருந்தால் யாரும் ‘நீ ஏன் ஏறவில்லை’ என்று கேட்கமாட்டார்கள். அது ஒரு சௌகரியம்தான்.

நிலா கேட்டாள். "அம்மா, சொன்னீல்லா?" அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, காலை உதைக்கவில்லை. வாடகை உடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். இன்றைக்கு உட்கார்ந்தால் இனி எப்போதும் உட்கார வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டது. டிரைவருக்குப் போன் போட்டேன். தம்பானூர் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கூர் போயிரும் அக்கா. அதெல்லாம் வேண்டா. ஜங்ஷன்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கட உண்டு, மூணு கிலோமீட்டர். ஜெர்சி எல்லாம் நைலான்தான், கேட்டோ? வாங்க, வண்டி கேட்ல நிக்குது."

கேட்டில் இருந்த பெண்ணிடம் திரும்பி வரலாமா என்று கேட்டோம். மூவர் கையிலும் முத்திரை குத்தி அனுப்பினாள். கடையில் சுவர் முழுக்கக் கால்பந்து ஜெர்சிகள்: ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீல வெள்ளைப் பட்டை. கடைக்காரர், தலையில் பூவும் நெற்றியில் சந்தனமுமாகச் சேலையில் வந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார். "அர்ஜென்டீனா வேணோ, பிரசீல் வேணோ சேச்சி?"

"எது எனக்குச் சேருமோ அதக் குடுங்க" என்றேன்.

டபுள் எக்ஸ்எல் அர்ஜென்டீனாவின் நீல வெள்ளையில்தான் இருந்தது. ஜெர்சி 350, நைலான் டிராக் பேண்ட் 300. முதுகில் பெரிதாகப் பத்து என்று போட்டிருந்தது. 12.15க்குப் பார்க்குக்குத் திரும்பினோம். கவுன்டர் பெண் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மதி சேச்சி, தாராளம்" என்று மலையாளத்தில் ‘போதும்’ சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினாள். சேலையைக் களைந்து ஜெர்சியில் வெளியே வந்தபோது நிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

இப்போது மஞ்சள் பையில் இரண்டு பட்டு, என் இரட்டைவடச் சங்கிலி, மூன்று போன். "பைய லாக்கர்ல போடலாமா?" என்று கேட்டேன். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். "யாரு பூட்டோ, யாரு சாவியோ! நகைய எப்படி நம்பி வைக்க?"

"நியாயம்தான். அப்ப நீங்களே பாத்துக்கோங்க" என்று பையை அவர் மடியில் வைத்தேன். வேட்டியோடு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! பதிலுக்குக் காத்திருக்கவில்லை, செருப்பைக் கழற்றி அவர் காலடியில் போட்டேன். ஓடினோம்.

சறுக்குக்கு எழுபத்திரண்டு படி. ஐம்பதாவது படியில் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். நிலா முதலில் போனாள், அவள் அலறல் குழாய்க்குள் சுற்றிச் சுற்றிக் கீழே போய் மறைந்தது. மேலே நின்ற காவல்காரர் என் ஜெர்சியைப் பார்த்து, கையை விரித்து வழியை மறித்தார். "ஞான் பிரசீல் ஆளாணு சேச்சி. அர்ஜென்டீனக்கு இவிட என்ட்ரி இல்லா!" பின்னால் வரிசையில் நின்ற கல்லூரிப் பையன்கள் விடுவார்களா? "அர்ஜென்டீனா! அர்ஜென்டீனா!" என்று கைதட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். இனி படியிறங்கிப் போக மானம் இடம்கொடுக்குமா? உட்கார்ந்தேன், கையை நெஞ்சில் கட்டினேன், முருகா என்றேன். அவர் தள்ளிவிட்டார்.

உள்ளே என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இருட்டு, தண்ணீர், யாரோ கத்தினார்கள், அது நான்தான். திடீரென்று வெளிச்சம், தொபீர் என்று தண்ணீர். எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. நிலா "அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா!" என்று ஊருக்கே அறிவித்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னொரு தடவ?" என்றாள். நான் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டேன். அந்தச் சறுக்கில் மட்டும் மொத்தம் ஐந்து தடவை. நான்காம் தடவை பிரேசில்காரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

1.15க்கு இவரைப் பார்க்கப் போனோம். மடியில் எங்கள் பை. வலப்பக்கம் இரண்டு பை, இடப்பக்கம் ஒரு முதுகுப்பை, காலடியில் ஒன்பது ஜோடிச் செருப்பு, கையில் யாருடையதோ பால் புட்டி. வேட்டி கட்டிய ஒரு கண்ணியமான மனிதர் பையோடு உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்? "சேட்டா, இதொண்ணு நோக்கணே" என்று ஆளாளுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு நான்கு பார்க்குகளிலும் நடந்ததுதான்.

"நாப்பது நிமிஷமா ஒண்ணுக்குப் போவ முடியல, தெரியுமா?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்தேன். "இதுக்கு நடுவுல மதினி போன் பண்ணி என்ன செய்யுதீருன்னு கேக்காங்க. பை பாத்துக்கிட்டு இருக்கேம்னு சொன்னா, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு." பால் புட்டியைப் பெஞ்சில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ எப்படிட்டி இத்தன வருஷம் உக்காந்திருந்த?"

அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குள் முடியாது. பால் புட்டிக்காரர்கள் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டதும், மனுஷன் யாரையும் கேட்காமல் நேரே போய் நூறு ரூபாய் கட்டி லாக்கர் எடுத்தார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். சாவி கோத்த ரப்பர் வளையத்தை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டு, வாடகைக் கால்சட்டையோடு அலைக்குளத்தில் குதித்தார். உள்ளேயே சாப்பாடு, மூவருக்கும் 540 ரூபாய். அதற்குப் பிறகு 3.20 வரை மூன்று பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் இதுவே முதல் தடவை.

3.40க்குக் கிளம்பினோம். மதினியின் பாயசத்தை செல்வராஜோடு சேர்த்து நான்கு பேர் காரிலேயே காலி செய்தோம். 4.45க்குத் தம்பானூர், கிளோக் ரூமில் சிவப்புக் கயிறுப் பை பத்திரமாக இருந்தது, 6.15 ரயிலில் சௌகரியமாக ஏறினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நீண்ட பயணத்தின் நடுவில் பார்க்கைச் செருகுவதென்றால் உள்ளே நான்கு மணி நேரம் போதும். எல்லாச் சறுக்கிலும் ஏற ஆசைப்படாமல் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ரயிலுக்கும் பார்க்கைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் விடுங்கள், எம்.சி. ரோட்டை நம்ப முடியாது. கட்டணமெல்லாம் நாங்கள் போனபோது இருந்தது, கூடியிருக்கலாம். சொந்தக்காரர் வீட்டைக் கோயிலுக்கு முந்தின நாள் மாலைக்கு மாற்றிவிடுங்கள், எல்லா நாளும் ராகு காலம் பத்தரைக்கு வராது. பார்க் பையில் சிவப்புக் கயிறு கட்டாதீர்கள். லாக்கர் நூறு ரூபாய்தான். எங்கள் வீட்டில் பதினான்கு வருடமாக அந்த நூறு ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்தவள் நான். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அவளுக்கு ஒரு நைலான் உடுப்பு எடுங்கள். "எனக்கு எதுக்கு" என்பாள், நம்பாதீர்கள்.

ஒரே நாள் கூத்து, ஊர் திரும்பினால் பழையபடிதானே என்று என் தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஏழாம் நாள் கொச்சியில் கடற்கரைக்குப் போனோம். அலையைக் கண்டதும் இவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டு ஓடினார். பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். குனிந்து தன் செருப்பை எடுத்தார், என்னுடையதையும் கழற்றச் சொல்லி வாங்கி, இரண்டு ஜோடியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.